அச்சிட முடியாத ஒரு வார்த்தை

முதல் படமாகச் சாவியைக் காட்டினேன்.

"இது என்ன சார்?"

சுந்தரேசன் சார் படத்தை உற்றுப் பார்த்தார். அது சாவி என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. முகத்தைப் பார்த்தாலே அது புரிந்தது. உதட்டைக் கூட்டி, மூச்சை இழுத்து, மிகுந்த மரியாதையோடும் தெளிவோடும் ஒரு கெட்ட வார்த்தையைச் சொன்னார்.

அடுத்து சீப்பு. அதே வார்த்தை. அதற்கடுத்து டம்ளர். அதே வார்த்தை.

அதை இங்கே எழுத முடியாது. எழுதினாலும் பத்திரிகை ஆசிரியர் எடுத்துவிடுவார். பெற்ற தாயை இழுத்துத் திட்டும் வார்த்தை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். தமிழ் தெரிந்த யாரும் பொது இடத்தில் கேட்டால் திரும்பிப் பார்ப்பார்கள்.

சொன்னவரோ கழுத்துப் பொத்தான்வரை போட்ட வெள்ளைச் சட்டையும், நெற்றியில் விபூதியுமாகச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். செயலிழந்த வலது கை, வேறு யாரோ வைத்துவிட்டுப் போன பொருள்போல மடியில் கிடந்தது. பக்கத்தில் அவர் மனைவி விஜயா மாமி. ஒவ்வொரு தடவையும் அந்த வார்த்தை வரும்போது மாமி சுவரில் இருந்த ஏ.சி.யைப் பார்த்தார். அது ஓடவில்லை.

எனக்குப் பின்னால் குல்கர்ணி மேடம், எங்கள் ஆசிரியை, பேனாவும் கையுமாக நின்றிருந்தார். அவர் மராட்டிக்காரர். தமிழ் தெரியாது.

"யே க்யா போல் ரஹே ஹைன், ஷமீமா?" என்று கேட்டார். என்ன சொல்கிறார் இவர்?

அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் மூன்றே பேர். ஒருவர் அதைச் சொன்னவர். இன்னொருவர் அவருடைய மனைவி. மூன்றாவது நான்.

பேசச் சொல்லித்தர ஒரு படிப்பு

நான் மும்பை தாராவிப் பெண். வாப்பாவுக்குத் தோல் பெல்ட் தைக்கும் பட்டறை. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். பேச்சு, மொழிப் பயிற்சிக்கான படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது என்று நான் போய்ச் சொன்னபோது, வாப்பா ஒரு பெல்ட்டுக்கு ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"பேசச் சொல்லிக்குடுக்கதுக்கு ஒரு படிப்பா பிள்ள? நம்ம தெருவுல யாரு பேசாமக் கெடக்காவ?"

நியாயமான கேள்வி. எங்கள் தெருவில் பட்டறைகளின் சத்தத்துக்கு மேலே கத்தினால்தான் எதிரே இருப்பவருக்குக் கேட்கும். பால் வாங்குவதுகூடச் சண்டை போலத்தான் நடக்கும்.

பக்கவாதம் வந்து பேச்சுப் போனவர்கள், திக்கிப் பேசுபவர்கள், தொண்டையில் புற்றுநோய் வந்து குரலை இழந்தவர்கள், காது கேட்காத குழந்தைகள் என்று நான் வரிசையாகச் சொன்னேன். வாப்பா கேட்டுவிட்டு, "அதுக்கு டாக்டரு இருக்காருல்லா?" என்றார்.

"டாக்டர் உயிரைக் காப்பாத்துவாரு வாப்பா. அப்புறம் அந்த ஆளு வீட்டுல வந்து தண்ணி வேணும்னு கேக்கணும்லா?"

வாப்பா யோசித்தார். "போயிட்டு வா" என்றார். அதற்குமேல் எங்கள் வீட்டில் இதைப் பற்றிப் பேச்சே எழவில்லை. உம்மா மட்டும், பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டால் "ஆஸ்பத்திரிப் படிப்பு" என்று சொல்லிவைத்தாள். அது பாதுகாப்பான பதில்.

சென்ற வாரம் இந்தத் தொடரில், தாமதமாகப் பேசத் தொடங்கும் குழந்தைகளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், "உங்கள் தமிழ் நன்றாக இருக்கிறதே, எங்கே படித்தீர்கள்?" என்று கேட்டிருந்தார். படிக்கவில்லை என்பதுதான் உண்மை. பள்ளிக்கூடம் முழுக்க இங்கிலீஷ், இந்தி, மராட்டி. தமிழ் வீட்டில் காதால் வந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியது கல்லூரிக்குப் போன பிறகுதான். நோயாளிகளுக்குத் தமிழில் வாசிப்புச் சோதனை வைக்க வேண்டியிருந்தது. சோதனை வைப்பவளுக்கே படிக்கத் தெரியாவிட்டால் நன்றாக இருக்காது.

ஒலியியல் வகுப்பில் நாக்கு எங்கே படுகிறது, உதடு எப்படிக் குவிகிறது என்று ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்துச் சொல்லித் தந்தார்கள். வீட்டுக்கு வந்தால் உம்மா பேசும்போது அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். "பல்லுல ஏதும் ஒட்டியிருக்கா?" என்று கேட்பாள்.

வகுப்பில் தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்தி. அதனால் மருத்துவமனைக்குத் தமிழ் நோயாளி யார் வந்தாலும் மேடம் என்னைத்தான் கூப்பிடுவார். சுந்தரேசன் சார் என்னிடம் வந்தது அப்படித்தான்.

மேடத்துக்குச் சொன்ன பதில்

"வசவு மேடம்" என்று இந்தியில் சொன்னேன். "ஆனா அவரு திட்டல. சாவின்னுதான் சொல்ல வர்றாரு."

மாமி என்னைத் திரும்பிப் பார்த்தார். வார்த்தை எனக்குப் புரிந்துவிட்டதே என்ற சங்கடம் அந்தப் பார்வையில் இருந்தது. அந்த வார்த்தை எனக்குப் புதிதில்லை. வாப்பாவின் பட்டறையில் சுத்தியலுக்கும் பசைக்கும் மழைக்கும் அதே பெயர்தான். ஒரு விபூதி நெற்றிக்குக் கீழிருந்து அது வந்ததுதான் புதிது.

மேடம் ஏதோ குறித்துக்கொண்டார். "நல்லது. ஒரு வார்த்தையாவது இருக்கிறதே" என்றார்.

பிறகு படங்களை மேசையில் பரப்பச் சொன்னார். சீப்பைக் காட்டுங்கள் என்று நான் கேட்டேன். சார் இடது கையால் சரியாகச் சீப்பைத் தொட்டார். சாவியைத் தொட்டுவிட்டு டம்ளரைத் தொடுங்கள் என்றேன். அதையும் செய்தார். எல்லாம் புரிகிறது. சொல்லத்தான் வரவில்லை.

இந்த நிலைக்கு அஃபேசியா என்று பெயர். மூளையின் இடது பக்கத்தில் ரத்தம் தடைப்பட்டால், சொற்களைத் தேடி எடுக்கும் இடம் கெட்டுப்போகிறது. எடுக்கப் போகும் கை, எதைத் தேடினாலும் ஒரே பொருளைத் தூக்கிக்கொண்டு வருவதுபோல. சிலருக்கு மிஞ்சுவது "ஆமாம்". சிலருக்குக் கடவுள் பெயர். சிலருக்கு வசவு. வாழ்நாளில் அதைச் சொல்லாதவர்களுக்குக்கூட அது மிஞ்சலாம் என்று மேடம் சொன்னார்.

அதை நான் தமிழில் சொன்னபோது மாமிக்கு நம்பிக்கை வரவில்லை.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இவர் வாயால 'சனியன்'னுகூடச் சொன்னதில்லை. எங்கேர்ந்து வந்தது இது?"

சார் அணுசக்தி நகரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குடியிருப்பு பேருந்தில் அலுவலகம் போய், அதே பேருந்தில் திரும்பி வந்த மனிதர். மாமியின் சந்தேகம் ஒரு பேருந்து ஓட்டுநர்மேல் இருந்தது. அவர் எந்த ஊர்க்காரர் என்றுகூட மாமிக்குத் தெரியாது. எல்லாப் பழியையும் அவர்மேல் போட்டுவிட்டார்.

நடுவில் நிற்காத ரயில்

அடுத்தடுத்த அமர்வுகளில் நான் எண்ணச் சொல்லித் தொடங்கினேன்.

"ஒண்ணு, ரெண்டு..."

"மூணு, நாலு, அஞ்சு" என்று சார் தொடர்ந்தார். பத்துவரை ஒழுங்காக வந்தது. அவரே ஆச்சரியப்பட்டார். மாமி கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, தானும் ஒன்றைத் தொடங்கிப் பார்க்கலாமா என்று கேட்டார். சார் தினமும் காலையில் சொல்லும் மந்திரத்தின் முதல் இரண்டு சொற்களை மாமி எடுத்துக் கொடுத்தார். மிச்சம் முழுவதும் தடையில்லாமல் வந்தது. குலம், கோத்திரம், தன் பெயர் எல்லாம். மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பேச்சு வந்துடுத்து" என்றார்.

வரவில்லை. உடனே நான், "சார், உங்க பேர் என்ன?" என்று கேட்டேன். அந்த வார்த்தைதான் வந்தது.

மேடம் இதை எனக்கு ரயிலை வைத்து விளக்கினார். மனப்பாடமானது ஃபாஸ்ட் ட்ரெயின். ஏறி உட்கார்ந்தால் கடைசிவரை போகும். நடு ஸ்டேஷனில் இறங்க முடியாது. பேச்சு என்பது ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று போகும் ஸ்லோ ட்ரெயின். ஃபாஸ்ட் ஓடுகிறது என்றால் தண்டவாளம் இருக்கிறது என்றுதான் அர்த்தம். அவ்வளவுதான்.

எனக்கு அதைவிட வேறொன்று கவனத்தில் பட்டது. வார்த்தை ஒன்றுதான். ஆனால் அவர் அதை ஒரே மாதிரி சொல்வதில்லை. கேள்வி கேட்கும்போது கடைசி எழுத்து மேலே ஏறியது. வேண்டாம் என்னும்போது சுருக்கென்று முடிந்தது. ஒருநாள் ஒரு குழந்தை எங்கள் அறைக்குள் தவறி ஓடிவந்து, அவரைப் பார்த்து நின்றது. அப்போது அந்த வார்த்தையை அவர் இழுத்து, குழைத்துச் சொன்னார். குழந்தை சிரித்தது. குரலின் ஏற்ற இறக்கத்துக்குப் பொறுப்பான பக்கம் பெரும்பாலும் வலது மூளை. அது அவருக்குத் தப்பியிருந்தது. புத்தகத்தில் படித்து மதிப்பெண் வாங்கிய விஷயம்தான். காதால் கேட்டது அன்றுதான்.

மாமியின் வேண்டுகோள்

பிறகு அவர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். போன் செய்தால் மாமி எடுக்கவில்லை. மேடம் ஒரு முறை வீட்டுக்குப் போய் விசாரித்து வா என்றார். குர்லாவில் வண்டி மாறிச் செம்பூர் போனேன்.

மாமி காப்பி கொடுத்து உட்காரவைத்தார். சார் ஜன்னல் ஓரத்தில் இருந்தார். என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்தார். மாமி சட்டென்று உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். சார் வாயை மூடிக்கொண்டார். இது பழக்கமாகிவிட்டது என்று தெரிந்தது.

மாமி என்னைச் சமையலறைக்குக் கூட்டிப் போனார்.

"லிஃப்ட்ல மேல் ஃப்ளாட் மாமி நின்னிண்டிருந்தா. 'எப்படி இருக்கேள்'னு கேட்டா. இவர் சிரிச்சிண்டே அதைச் சொல்லிட்டார். அவ திருநெல்வேலிக்காரி. அன்னிலேர்ந்து என்னோட பேசறதில்லை."

"அவங்ககிட்ட விளக்கிச் சொல்லலாம் மாமி."

"எத்தனை பேர்கிட்டம்மா சொல்றது?" மாமி அடுப்பைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். "அனுவுக்குக் கல்யாணம் வர்றது. மாதுங்காவுல மண்டபம் எடுத்தாச்சு. பையன் ஆத்துக்காரா மராட்டி, அவாளுக்குப் புரியாது. நம்ம மனுஷா அத்தனை பேரும் வருவாளே. மேடையில உக்காந்துண்டு இவர் வாயைத் திறந்தா?"

மாமி துடைத்த துணியைப் பிழிந்து வைத்தார்.

"பேச வைக்கத்தானே படிக்கறே? பேசாம இருக்க வைக்கவும் சொல்லிக் குடுத்திருப்பாளோல்லியோ? கல்யாணம் முடியறவரைக்கும் போதும். ஒரு ட்ரெய்னிங் மாதிரி குடேன்."

மாமி அதைக் கேலியாகச் சொல்லவில்லை. கொடுக்க முடியும் என்று நம்பித்தான் கேட்டார். உண்மையில் மாமியே ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்தார். பயன்படுத்தாத பேச்சு மெதுவாக அடங்கிப்போகும். இன்னும் சில மாதம் அந்த விரல் உதட்டில் இருந்தால், அந்த ஒரு வார்த்தையும் போய்விடும். அதற்கு முன்னால் அந்தக் குரலில் இருந்த கேள்வியும் மறுப்பும் போய்விடும்.

அதைச் சொன்னேன். மாமி பதில் சொல்வதற்குள் வாசல் மணி அடித்தது. மகள் அனுராதா. ஐரோலியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அன்று சீக்கிரமே வந்துவிட்டாள். நான் யார் என்று தெரிந்துகொண்டதும் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"அம்மா உங்ககிட்டயும் சொல்லிட்டாளா? அப்பாவுக்குப் பதிலா சித்தப்பா மேடையில உக்காரணுமாம். அப்பா ரூம்ல இருக்கணுமாம். நான் யாரோட பொண்ணு?"

"ஊர் சிரிக்கும்டி."

"சிரிக்கட்டும்."

"உனக்கென்ன, கல்யாணம் ஆனா போயிடுவே. நான்தானே இந்த பில்டிங்ல இருக்கணும்?"

கூடத்துக்கு வந்தும் இரண்டு பேரும் நிறுத்தவில்லை. சார் உட்கார்ந்திருந்த இடத்துக்கு இரண்டு பக்கமும் நின்று, அவர் அங்கே இல்லாததுபோல அவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா நன்றாக மந்திரம் சொல்வார் என்று மாமி சொன்னபோது, சார் இடது கையால் நாற்காலிப் பிடியில் ஓங்கித் தட்டினார். அந்த வார்த்தையைச் சொன்னார். சுருக்கென்று, கனமாக.

மாமியின் விரல் உதட்டுக்குப் போனது.

"மாமி, சார் வேணாம்னு சொல்றாரு" என்றேன். "திட்டல. சித்தப்பா வேணாங்கறாரு."

சார் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு மாமியைப் பார்த்து, அதே வார்த்தையைத் தாழ்ந்த குரலில் இன்னொரு முறை சொன்னார். அது கெஞ்சல். அதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாமி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. அனு போய் அணைத்துவிட்டு வந்தாள்.

மாதுங்கா மண்டபத்தில்

எனக்கும் பத்திரிகை வந்தது. உம்மா பட்டுப் புடவையைக் கட்டிவிட்டாள்.

ஏற்பாடு இப்படி: மேடையில் சார் நாற்காலியில் உட்காருவார். மந்திரத்துக்குத் துணையாகச் சித்தப்பா பக்கத்தில் இருப்பார். கல்யாணம் நடத்திவைக்கும் வாத்தியாரிடம் அனு முன்கூட்டியே விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அவர் கொஞ்சமும் அசரவில்லையாம். "கெட்டிமேளத்தை வழக்கத்தைவிட ஓங்கி வாசிக்கச் சொல்லிடறேன். அதுக்குள்ள அவர் எதைச் சொன்னாலும் பகவானுக்கு மட்டும்தான் கேக்கும்" என்றாராம்.

வாத்தியார் எடுத்துக் கொடுத்ததும் பாதி மந்திரம் சாருக்கே வந்துவிட்டது. ஃபாஸ்ட் ட்ரெயின். முன்வரிசையில் இருந்த உறவினர்கள், "நன்னாத்தானே பேசறார்?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். மடியில் பாரம் தாங்காது என்பதால், அனு அவர் முழங்காலை ஒட்டி நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தாள். மாமி நீர் வார்த்தார். தாலி கட்டும்போது நாதஸ்வரமும் தவிலும் காதைப் பிளந்தன. சார் வாய் திறக்கவே இல்லை.

மேளம் நின்றது. வாத்தியார் தன் நினைப்பில் தேங்காயைத் தேடிக்கொண்டிருந்தார். அந்த இடைவெளியில் சார் கையை நீட்டி, மாப்பிள்ளை நிகிலின் மணிக்கட்டைப் பிடித்தார். விடவில்லை. நிகில் குனிந்தான்.

சார் அந்த வார்த்தையைச் சொன்னார். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக. மைக் பக்கத்தில் இருந்தது. முன்வரிசைகளுக்கு நன்றாகவே கேட்டது.

யாரோ இருமினார்கள். ஒரு பெரியவர் செருப்பைத் தேடுவதுபோலக் கீழே பார்த்தார். மாமி நீர்ச்செம்பைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றார். சித்தப்பா மைக்கைத் தள்ளி வைத்தார்.

நிகிலுக்குத் தமிழில் இருபது சொற்கள் தெரிந்தால் அதிகம். சார் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன், தன் இன்னொரு கையை அவர் கைமேல் வைத்தான்.

"ஹோ பாபா" என்றான் மராட்டியில். "காள்ஜி கரூ நகா." சரிப்பா, கவலைப்படாதீங்க.

சார் தலையசைத்து, மணிக்கட்டை விட்டார்.

பந்தியில் மாமி எனக்குப் பாயசம் விட்டபடி, "அந்தப் பிள்ளைக்குத் தமிழ் தெரியாததே நல்லதாப் போச்சு" என்றார். நான் தலையாட்டினேன்.

அதன் பிறகு

கல்யாணம் முடிந்து மாமி அவரை மறுபடி மருத்துவமனைக்குக் கூட்டி வந்தார். என் படிப்பு முடியும்வரை நானும், அதற்குப் பிறகு எனக்கு அடுத்த வகுப்புப் பிள்ளைகளும் பார்த்தோம். "காப்பி" வந்தது. "போதும்" வந்தது. "அனு" பாதிதான் வந்தது. முதல் எழுத்து கடைசிவரை வரவில்லை. சாவியின் படத்தைக் காட்டினால் சில நாள் "சாவி" வரும், சில நாள் பழைய வார்த்தை வரும். அது முழுதாகப் போகவில்லை. போகும் என்று நாங்கள் யாரும் வாக்குக் கொடுக்கவும் இல்லை.

மேல் ஃப்ளாட்டு அம்மாள் இப்போது பேசுகிறாராம். விளக்கிச் சொன்னது மாமி இல்லை, அனு.

இந்தத் தொடரில் அவர்களைப் பற்றி எழுதலாமா என்று கேட்க, அண்மையில் மாமிக்குப் போன் செய்தேன். பெயர்களை மாற்றிவிடுகிறேன் என்றேன்.

"எழுதிக்கோ. அந்த வார்த்தையை மட்டும் போட்டுடாதே" என்றார்.

நிகிலுக்குப் புனேவுக்கு மாற்றல் ஆகிவிட்டதையும், அனு எடுத்திருக்கும் புது வீட்டையும் பற்றி மாமி சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது பின்னாலிருந்து சாரின் குரல் கேட்டது. அதே வார்த்தை, அவசரம் இல்லாமல்.

"இரும்மா, ஃபேனைக் குறைக்கச் சொல்றார்" என்று மாமி போனைக் கீழே வைத்துவிட்டுப் போனார்.